ஒற்றைச் சிறுநீரகம், பெல்விஸில் 1.4 செ.மீ. கட்டி: லேசர் வைப்பதற்கு முன்னும் பின்னும் எதில் கவனமாக இருக்கணும்?

யூரோபிஜி3

அனைவருக்கும் வணக்கம். ட்யூமர் போர்டு (பல துறை மருத்துவர்கள் கூடிப் புற்றுநோய் கேஸ்களைப் பேசும் கூட்டம்) பயிற்சிக்காக எடுத்துக்கொண்ட மாதிரி கேஸ் இது. வயது 68. வலது சிறுநீரகம் பல வருடத்துக்கு முன்பே கல் அடைத்து, வேலை செய்யாமல் போய், எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது வலியில்லாமல் சிறுநீரில் ரத்தம். சி.டி. யூரோகிராமில் இடது பெல்விஸில் (சிறுநீரகத்துக்குள் சிறுநீர் சேரும் பை) 1.4 செ.மீ. நிரப்புக்குறை (சாயம் நிரம்பாத இடம், கட்டியின் அடையாளம்), ஒன்றே ஒன்று. வீக்கம் இல்லை, சுவர் தடிப்பும் தெரியவில்லை. இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் திறன்) 42. சிஸ்டோஸ்கோபியில் சிறுநீர்ப்பை சுத்தம். கழித்த சிறுநீர் சைட்டாலஜியில் (செல் பரிசோதனை) ஹை கிரேடு (தீவிர வகை) செல் இல்லை.

சிறுநீரகத்தை வைத்துக்கொண்டே லேசரில் எடுப்பது என்பதுதான் திட்டம். என் சந்தேகங்கள்: அக்சஸ் ஷீத் (ஸ்கோப் போய்வர யூரிட்டரில் போடும் குழாய்) போடலாமா, லேசர் ஹோல்மியமா தூலியமா, எந்த அளவில் வைப்பது, பயாப்ஸியை எப்படி எடுத்தால் பெத்தாலஜியில் உருப்படியான பதில் வரும், பிறகு எத்தனை நாளில் திரும்பப் பார்ப்பது?

---

தெற்குவாசல் (சிறுநீரக அறுவை மருத்துவர்)

லேசர் எது என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்க. அதற்கு முன்னால் நடக்கும் அரை மணி நேரம்தான் இந்த கேஸில் முக்கியம்.

முதலில் இது லோ ரிஸ்க்தானா என்று உறுதி செய்யணும். ஒரே கட்டி, 2 செ.மீ.க்குக் கீழ், சைட்டாலஜியில் ஹை கிரேடு இல்லை, பயாப்ஸியில் லோ கிரேடு, சி.டி.யில் ஊடுருவல் தோற்றம் இல்லை. இத்தனையும் சேர்ந்து இருந்தால்தான் லோ ரிஸ்க். உங்களிடம் நான்கு இருக்கு, பயாப்ஸி இல்லை. அதனால் "லேசர் சிகிச்சை" என்று போர்டில் எழுதாமல் "பார்த்து, பயாப்ஸி எடுத்து, தோற்றம் ஒத்துப்போனால் அதே அமர்வில் லேசர்" என்று எழுதுங்க. சம்மதப் படிவத்திலும் அப்படியே இருக்கணும். ஹை கிரேடு என்று வந்தால், இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கு நெஃப்ரோயூரிட்டரெக்டமி (சிறுநீரகத்தையும் யூரிட்டர் என்னும் சிறுநீர்க்குழாயையும் எடுப்பது) என்று சொல்லிவிடலாம். இவருக்கு அது டயாலிசிஸ் என்று அர்த்தம். அந்தப் பேச்சு கத்தி எடுப்பதற்கு முன்பே, வீட்டார் கூட இருக்கும்போது நடந்திருக்கணும்.

யூரின் கல்ச்சர் சுத்தமாக வராமல் உள்ளே போகாதீங்க. முழு மயக்கமே நல்லது. மூச்சோடு சிறுநீரகம் மேலும் கீழும் ஆடும். டைடல் வால்யூமை (ஒவ்வொரு மூச்சின் அளவை) குறைக்கச் சொல்லி மயக்க மருத்துவரிடம் முன்பே பேசிவையுங்க. ஆடும் கட்டியில் லேசர் வைத்தால் பாதி அடி பக்கத்துச் சுவரில் விழும்.

வயரை முதலில் ஏற்றிவிடும் பழக்கம் கல் கேஸில் வந்தது. இங்கே அது வேண்டாம். வயர் உரசிய இடம் சிவந்து, ரத்தம் கசிந்து, சிறு தட்டைக் கட்டி மாதிரியே தெரியும். அதைப் பார்த்து பயாப்ஸி எடுத்தால் இல்லாத நோய்க்குத் துரத்துவோம். சிஸ்டோஸ்கோபி முடித்ததும் மெல்லிய ஸ்கோப்பை வயர் இல்லாமல் யூரிட்டருக்குள் ஏற்றி, முடிந்த மட்டும் பார்த்துக்கொண்டே மேலே போங்க. கான்ட்ராஸ்ட் (எக்ஸ்ரேயில் தெரியும் சாயம்) விடுவதற்கு முன்பே பெல்விஸில் இருந்து சைட்டாலஜிக்குக் கழுவு நீர் எடுத்துவிடுங்க, கான்ட்ராஸ்ட் பட்டால் செல்கள் கெடும். அதன் பிறகு பாதி நீர்த்த கான்ட்ராஸ்ட், 5 மி.லி. போதும், மெதுவாக. கிண்ணங்கள் (பெல்விஸுக்குள் திறக்கும் சிறு அறைகள்) எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்க, மேலே, நடு, கீழே. பெரிய கட்டியைக் கண்டதும் கண் அங்கேயே நின்றுவிடும். கீழ்க் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் 3 மி.மீ. கட்டியைத் தவறவிடுவது அப்படித்தான்.

ஷீத்: யூரிட்டர் முழுவதும் சுத்தம் என்று கண்ணால் பார்த்த பிறகு போடுங்க. 7.5 ஃப்ரெஞ்சு (ஒரு ஃப்ரெஞ்சு என்பது மூன்றில் ஒரு மி.மீ.) ஸ்கோப்புக்கு 10/12 ஷீத் (உள்விட்டம் 10, வெளிவிட்டம் 12) சரி. ஸ்கோப்பின் பருமன் ஷீத்தின் உள்விட்டத்தில் முக்கால் பங்கைத் தாண்டாமல் இருந்தால் தண்ணீர் பக்கவாட்டில் வடிந்து உள்ளழுத்தம் ஏறாது. ஏறாத ஷீத்தைத் தள்ளாதீங்க. ஸ்டென்ட் (யூரிட்டரைத் திறந்து வைக்கும் மெல்லிய குழாய்) போட்டுவிட்டு இரண்டு வாரம் கழித்து வந்தால் யூரிட்டர் தானாக விரிந்திருக்கும். ஒற்றைச் சிறுநீரகத்தில் யூரிட்டரைக் கிழித்துவிட்டால் சரிசெய்ய இன்னொரு பக்கம் இல்லை.

---

ஸ்லைடுமேசை (பெத்தாலஜி)

பயாப்ஸி பற்றிய கேள்விக்கு என் பக்கத்தில் இருந்து.

3 ஃப்ரெஞ்சு ஃபோர்செப்ஸில் வருவது ஏறத்தாழ 1 மி.மீ. துண்டு. பாதிக்கு மேல் நசுங்கியிருக்கும். காம்பு வைத்துத் தொங்கும் பாப்பில்லரி கட்டி என்றால் முனையில்லா நிட்டினால் பாஸ்கெட்டை விரித்து, கட்டியின் கழுத்தைப் பிடித்து, இழுத்து எடுங்க. நல்ல துண்டாக வரும், கிளைகளின் அமைப்பு கெடாமல் இருக்கும். அந்தத் துண்டை ஸ்கோப்பின் சேனல் வழியாக வெளியே இழுத்தால் 3.6 ஃப்ரெஞ்சு துளையில் உரிந்து எங்களிடம் வெறும் சளி மாதிரி வந்து சேரும். பாஸ்கெட்டும் ஸ்கோப்பும் ஒன்றாக ஷீத் வழியே வெளியே வரணும். தட்டையான கட்டிக்குப் பாஸ்கெட் பயன்படாது, ஃபோர்செப்ஸ்தான், குறைந்தது மூன்று முறை, முடிந்தால் ஐந்தாறு.

லேசர் வைத்த பிறகு எடுத்த துண்டில் கரு எல்லாம் நீண்டு, கருத்து, கோடு கோடாகிவிடும். கிரேடு சொல்ல முடியாது. பயாப்ஸி முதலில், லேசர் பிறகு. மாற்றவே கூடாத வரிசை இது.

துண்டைத் துணி காஸில் வைக்காதீங்க. நூலிழையில் சிக்கி அங்கேயே போய்விடும். ஸ்பான்ஜும் வேண்டாம், முக்கோண ஓட்டைகள் விழும். சின்னக் குப்பியில் 10 சதவீத பஃபர் ஃபார்மலின், துண்டு மிகச் சிறிது என்றால் வடிதாளில் மடித்து. கழுவு நீரைத் தனிப் பாட்டிலில் புதிதாக உடனே அனுப்புங்க, செல் பிளாக் (நீரிலுள்ள செல்களைத் திரட்டிக் கட்டியாக்கி வெட்டிப் பார்ப்பது) போட்டுக்கொள்வோம். பல நேரம் துண்டில் கிடைக்காத பதில் செல் பிளாக்கில் கிடைக்கும். லேப் மூடியிருக்கும் நேரம் என்றால் சம அளவு 50 சதவீத ஆல்கஹால் கலந்து வையுங்க.

படிவத்தில் எழுதவேண்டியது: எந்த இடம், ஸ்கோப்பில் எப்படித் தெரிந்தது, முன்பு ஸ்டென்ட் இருந்ததா, கல் இருந்ததா, பிசிஜி (உள்ளே ஏற்றும் வலுவிழந்த காசநோய்க் கிருமி மருந்து) கொடுத்ததா. ஸ்டென்ட்டும் கல்லும் உரசிய செல்கள் பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். அந்தத் தகவல் இல்லாமல் வந்தால் அதிகப்படியாகவே சந்தேகப்படுவோம்.

இன்னொன்று. "லோ கிரேடு, தசை இல்லை" என்று நாங்கள் எழுதினால் அதை "ஊடுருவல் இல்லை" என்று படிக்காதீங்க. தசையே துண்டில் வரவில்லை, அதனால் ஸ்டேஜ் தெரியாது என்பதுதான் பொருள். கிரேடில் ஓரளவு நம்பலாம். ஸ்டேஜுக்கு சி.டி.யும் கண் தோற்றமும்தான் துணை.

---

தெற்குவாசல்

மேடம் சொன்ன வரிசைக்குப் பிறகுதான் லேசர்.

ஹோல்மியம் 2100 நானோமீட்டர், திசுவில் 0.4 மி.மீ. அளவுக்கு இறங்கும். துடிப்பாக வேலை செய்வதால் ஒவ்வொரு அடிக்கும் ஒரு நீராவிக் குமிழி வெடித்து திசுவைக் கிழிக்கும், அதனால் கொஞ்சம் ரத்தம் கசியும். பெல்விஸில் 0.6 முதல் 1 ஜூல், 8 முதல் 10 ஹெர்ட்ஸ், லாங் பல்ஸ். யூரிட்டரில் 0.5 ஜூலைத் தாண்ட அவசியம் இல்லை. தூலியம் ஃபைபர் லேசர் 1940 நானோமீட்டர், இன்னும் மேலோட்டம், ரத்தத்தை நன்றாக உறைய வைக்கும், 10 வாட்டுக்குள் வைத்துக்கொண்டால் பார்வை தெளிவாக இருக்கும். அதன் குறை, மேலே கரிந்த படலம் அமர்ந்து அடிப்பகுதியில் கட்டி மிச்சம் இருக்கிறதா என்பதை மறைத்துவிடும். கரியைப் பாஸ்கெட் நுனியால் மெல்லத் தள்ளிவிட்டுப் பாருங்க. இரண்டும் இருக்கும் இடத்தில் ஹோல்மியத்தில் பருமனைக் குறைத்து, தூலியத்தில் அடித்தளத்தை உறைய வைப்பவர்கள் உண்டு. ஒன்றுதான் இருக்கிறது என்றால் இருப்பதிலேயே நன்றாகச் செய்யலாம். பழைய என்டியாக் லேசர் 1064 நானோமீட்டர், 4 முதல் 6 மி.மீ. வரை இறங்கும். மெல்லிய சுவரில் அந்த ஆழம் ஆபத்து.

நுனி திசுவைத் தொட்டும் தொடாமலும், 1 மி.மீ. தூரத்தில். தண்ணீரில் அலையும் கிளைகள் லேசர் பட்டதும் வெளுத்து, சுருங்கி, நுரை மாதிரி உதிரும். நுனியில் இருந்து ஆரம்பித்து காம்பு வரை இறங்கி வாங்க. காம்பை முதலில் அறுத்தால் மிதக்கும் கட்டியைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். அடித்தளத்தில் வெண்மையான தளம் வந்ததும் சுற்றிலும் 2 மி.மீ. விளிம்பு வைத்து நிறுத்துங்க. குறுக்கு இழைகள் மின்னினால் தசைக்கு வந்துவிட்டீர்கள். மஞ்சளாக ஏதாவது பளபளத்தால் அது கொழுப்பு, சுவர் ஓட்டை. லேசர், தண்ணீர் இரண்டையும் அங்கேயே நிறுத்தி ஸ்டென்ட் போட்டு வெளியே வந்துவிடணும்.

ரத்தத்தில் பார்வை போனால் அழுத்தத்தைக் கூட்டித் துரத்தும் ஆசை வரும். அதைச் செய்யக்கூடாது. உள்ளழுத்தம் 40 செ.மீ. தண்ணீர் அளவை நெருங்கும்போதே சிறுநீர் சிரைக்குள்ளும் நிணநீருக்குள்ளும் பின்வாங்கத் தொடங்கும். கல் கேஸில் அது காய்ச்சல், செப்சிஸ். இங்கே அதனுடன் கட்டிச் செல்லும் போகலாம். கையால் அழுத்தும் பம்ப் ஒரே பிழிவில் 100 செ.மீ. தாண்டிவிடும். பையைத் தொங்கவிட்டு, 40 முதல் 60 செ.மீ. உயரத்தில் வைத்து, ஷீத் வழியே வடிகிறதா என்று பார்த்துக்கொண்டே செய்யுங்க. தெரியவில்லை என்றால் ஐந்து நிமிடம் நில்லுங்க. அப்போதும் தெரியவில்லை என்றால் ஸ்டென்ட், மறு அமர்வு.

---

ஃபைபர்_ரூம் (தியேட்டர் டெக்னீஷியன்)

சார், டேபிள் பக்கத்துல நிற்கிறவங்க பார்வையில சில விஷயம் சேர்க்கிறேன்.

ஃபைபர் 200 மைக்ரான். அதைவிடத் தடிச்சது கீழ்க் கிண்ணத்துக்கு ஸ்கோப்பை வளைய விடாது, தண்ணீர் வரத்தும் குறையும். ஃபைபரை உள்ளே விடும்போது ஸ்கோப் நேரா இருக்கணும். வளைஞ்ச நிலையில தள்ளினா சேனலோட உள் உறை ஓட்டையாகும், அதுதான் லீக் டெஸ்ட்ல மாட்டுற ஸ்கோப்கள்ல பெரும்பாலானதுக்குக் காரணம். முதல்ல நேரா வச்சு நுனியை வெளியே எடுத்துட்டு, அப்புறம் வளைச்சுக்கலாம்.

நுனி திரையில கால் பங்கு தூரத்துக்காவது வெளியே தெரியணும், சுமார் 3 மி.மீ. அதுக்குள்ளே இருந்து சுட்டா லென்ஸ் போயிடும். எய்மிங் பீம் வட்டமா விழலைன்னா நுனி உடைஞ்சிருக்கு, வெட்டிட்டு உரிச்சு மறுபடி பாருங்க. பாஸ்கெட் உள்ளே இருக்கும்போது ஹோல்மியம் பட்டா கம்பி அறுந்துடும். ஒண்ணை எடுத்துட்டு ஒண்ணு.

3 ஃப்ரெஞ்சு ஃபோர்செப்ஸ் உள்ளே போனதும் தண்ணீர் கிட்டத்தட்ட நின்னுடும். டாக்டர் "தண்ணி வரல" என்பார், உடனே பையை உயர்த்தத் தோணும். ஃபோர்செப்ஸ் வெளியே வந்த அடுத்த நொடி அந்த உயரத்துக்கு முழு அழுத்தமும் உள்ளே இறங்கும். உயர்த்தினா திரும்ப இறக்குறது யார் வேலைன்னு முன்னாடியே பேசிக்குங்க.

நார்மல் சலைன் அறை வெப்பத்துலயே இருக்கட்டும், சூடாக்க வேண்டாம். தண்ணீர் ஓடாம தொடர்ந்து சுட்டா உள்ளே இருக்கிற கொஞ்ச நீர் சட்டுனு சூடேறிடும். சில நொடி சுட்டு, நிறுத்தி, மறுபடி. பெடலை விட்டதும் மெஷினை ஸ்டாண்ட்பைல போடுங்க. கண்ணாடி எந்த லேசரோ அந்த அலைநீளத்துக்கானதுதான். ஹோல்மியம் கண்ணாடியை என்டியாக்குக்குப் போட்டா காப்பாத்தாது.

---

கிரியாட்டினின் (சிறுநீரக மருத்துவர்)

அறுவைக்கு வெளியே இரண்டு கேள்வி நோயாளியிடம் கேட்கப்பட்டதா என்று பாருங்கள். சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதா என்ற முடிவையே அவை மாற்றும்.

ஒன்று, நாட்டு மருந்து. "ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா" என்றால் இல்லை என்பார்கள், அவர்கள் கணக்கில் மூலிகை மருந்தில் சேராது. பெயர் சொல்லிக் கேளுங்கள்: ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி என்னும் பெருமருந்து. இரண்டும் அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தையும் கெடுக்கும், யூரோதீலியத்தில் (சிறுநீர்ப் பாதையின் உள்படலம்) புற்றையும் உண்டாக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்று உண்டாக்குவது உறுதி என்ற பிரிவில் வைத்திருக்கிறது. பெல்ஜியத்தில் உடல் மெலியக் கொடுத்த சீன மூலிகை மாத்திரையில் இது கலந்துபோய் இளம் பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது 1993இல் வெளிவந்தது. 2000இல் அவர்களில் 39 பேருக்கு முன்னெச்சரிக்கையாகச் சிறுநீரகமும் யூரிட்டரும் எடுத்துப் பார்த்தபோது 18 பேருக்குப் புற்று இருந்தது. பால்கன் கிராமங்களில் கோதுமையோடு அந்தச் செடியின் விதை கலந்து பல தலைமுறை பாதிக்கப்பட்டது. தைவான் 2003இல் தடை செய்தது. இப்படி ஒரு வரலாறு இருந்தால் கட்டி ஓரிடத்தோடு நிற்காது, மிச்சம் இருக்கும் யூரோதீலியம் முழுவதும் சந்தேகத்துக்குரியது. லேசருக்குத் தடை இல்லை, ஆனால் கண்காணிப்பில் ஒரு தவணைகூடத் தவறக்கூடாது. மருந்தை அன்றே நிறுத்தவேண்டும்.

இரண்டு, குடும்பத்தில் குடல் புற்று, கருப்பைப் புற்று. லின்ச் சிண்ட்ரோமில் (பரம்பரையாகப் புற்று வரும் ஒரு நிலை) யூரிட்டர் கட்டி வரும், குறிப்பாக எம்எஸ்எச்2 ஜீனில். 65 வயதுக்குள் என்றால் குடும்ப வரலாறு இல்லாவிட்டாலும் பயாப்ஸித் துண்டில் எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, எம்எல்எச்1, பிஎம்எஸ்2 சாயம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இவர் 68 என்பதால் குடும்ப வரலாறுதான் வழிகாட்டி. புகை பிடிப்பவரா என்று கேட்காமல் இருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

---

குமிழி_நீர்

இடையில் ஒரு கேள்வி. இதே கட்டி பெல்விஸில் இல்லாமல் கீழ் யூரிட்டரில் இருந்திருந்தால்? இப்போது மைட்டோமைசின் (புற்று மருந்து) ஜெல் என்றும் பேச்சு இருக்கே, அது லேசருக்கு மாற்றாகுமா?

---

தெற்குவாசல்

கீழ் யூரிட்டர் என்றால் லேசர் ஒன்றே வழி இல்லை. அந்தப் பகுதியை வெட்டியெடுத்து யூரிட்டரைச் சிறுநீர்ப்பையில் மறுபடி தைத்தாலும் சிறுநீரகம் மிஞ்சும், ஸ்டேஜும் தெரிந்துவிடும். ஹை கிரேடு என்றாலும், பெரிய கட்டி என்றாலும் அதுதான் நல்லது. லேசர் வைப்பதாக இருந்தால் சுற்றளவு முழுவதையும் ஒரே அமர்வில் சுடக்கூடாது. வளையமாகச் சுட்ட இடம் வளையமாகவே சுருங்கும். பாதியைச் சுட்டு, ஸ்டென்ட் போட்டு, அது ஆறிய பிறகு மறுபாதி. யூரிட்டரில் கட்டி இருந்தால் ஷீத்தின் நுனி கட்டிக்குக் கீழேயே நிற்கணும், தாண்டக்கூடாது.

ஜெல், பெல்விஸிலும் கிண்ணங்களிலும் இருக்கும் லோ கிரேடு கட்டிக்கானது. குளிரில் திரவம், உடல் சூட்டில் ஜெல்லாக இறுகிப் பல மணி நேரம் தங்கும். வாரம் ஒன்றாக ஆறு முறை கதீட்டர் வழியே ஏற்றணும். 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதற்கு அடிப்படையான ஒலிம்பஸ் ஆய்வில் 71 பேரில் 42 பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. நல்ல எண்ணிக்கைதான். ஆனால் அதே ஆய்வில் 31 பேருக்கு யூரிட்டர் சுருக்கம் வந்தது. இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கு அது ஸ்டென்ட் பிரச்சினை, ஒற்றைச் சிறுநீரகத்துக்கு சிறுநீரே நின்றுபோகும் பிரச்சினை. கண்ணுக்கும் ஃபைபருக்கும் எட்டும் 1.4 செ.மீ. கட்டிக்கு லேசரையே முதலில் வைப்பேன். ஸ்கோப் வளைந்து எட்டாத கீழ்க் கிண்ணத்துக் கட்டிக்கு ஜெல்லை யோசிக்கலாம். முதுகு வழியே துளை போட்டும் போகலாம், அந்தத் துளையில் செல் விதைந்துவிடும் ஆபத்து அரிது என்றாலும் உண்டு.

இனி மூல கேள்வியின் கடைசிப் பகுதி. முடிந்ததும் 6 ஃப்ரெஞ்சு டிஜே ஸ்டென்ட் கட்டாயம், ஒற்றைச் சிறுநீரகத்தில் ஒரு ரத்தக்கட்டி அடைத்தாலே போதும். இரண்டாம் பார்வை (மறுபடி ஸ்கோப் விட்டுப் பார்ப்பது) எட்டு வாரத்துக்குள். அதை "தேவைப்பட்டால்" என்று எழுதாதீங்க. முதல் அமர்வில் மிச்சம் விடுவது சாதாரணம், இரண்டாம் பார்வையும் சிகிச்சையின் பகுதிதான். பிறகு 3ஆம், 6ஆம் மாதம் சிஸ்டோஸ்கோபியும் சி.டி. யூரோகிராமும், அதன்பின் வருடத்துக்கு ஒன்று, குறைந்தது ஐந்து வருடம். சி.டி. 3 மி.மீ.க்குக் கீழே உள்ளதை எளிதில் விட்டுவிடும், அதனால் 3ஆம் மாதம் ஸ்கோப்பும் உள்ளே போகணும். ஒவ்வொரு முறையும் சிறுநீர்ப்பையைப் பாருங்க, மேலே இருந்து உதிர்ந்தது கீழே முளைப்பது அடிக்கடி நடக்கும். இத்தனைக்கும் வர முடியாத தூரத்தில், துணைக்கு ஆளில்லாமல் இருப்பவர் என்றால் அதையும் போர்டிலேயே சொல்லுங்க. பயணச் செலவு, காப்பீட்டில் எத்தனை முறை கிடைக்கும் என்பதெல்லாம் இந்த சிகிச்சையில் கிரேடு அளவுக்கே முக்கியம்.

---

யூரோபிஜி3

மிக்க நன்றி சார், மேடம். சம்மதப் படிவத்தை மாற்றி எழுதிவிட்டேன். மூலிகை பற்றிய கேள்வி என் படிவத்தில் இல்லவே இல்லை, சேர்த்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று. இரண்டாம் பார்வையில் கண்ணுக்கு எல்லாம் சுத்தம், ஆனால் கழுவு நீர் சைட்டாலஜியில் ஹை கிரேடு செல் என்று வந்தால்?

---

ஸ்லைடுமேசை

முதலில் அந்த நீர் எங்கிருந்து எடுத்தது என்று பாருங்க. சிறுநீர்ப்பை நீர் கலந்திருந்தால் அந்த ரிப்போர்ட்டை வைத்து மேலே கை வைக்க முடியாது. பெல்விஸ், யூரிட்டர், சிறுநீர்ப்பை மூன்றுக்கும் மூன்று பாட்டில். மூடியில் எழுதாதீங்க, மூடி மாறும். பாட்டிலின் உடலில் எழுதுங்க.

---

தெற்குவாசல்

மேலிருந்து வந்ததுதான் என்று உறுதியானால் கார்சினோமா இன் சிட்டு (கட்டியாக எழாமல் படலத்தோடு தட்டையாக இருக்கும் ஹை கிரேடு புற்று) என்று எடுத்துக்கொண்டு தேடணும். சிறுநீர்ப்பையில் பல இடத்தில் பயாப்ஸி, ஆண் என்றால் புராஸ்டேட் பகுதி யூரித்ராவிலும். இரண்டும் சுத்தம் என்றால், இரண்டு சிறுநீரகம் உள்ளவருக்கு எடுப்பது பற்றிப் பேசலாம், இவருக்கு நெஃப்ரோஸ்டமி (முதுகு வழியே சிறுநீரகத்துக்குள் போடும் குழாய்) வழியே பிசிஜி. வாரம் ஒன்றாக ஆறு முறை, தன் எடையில் தானாக இறங்கும்படி, 20 செ.மீ. அழுத்தத்துக்குள். ஒவ்வொரு முறையும் யூரின் கல்ச்சர் சுத்தமா என்று பாருங்க, முதல் முறைக்கு முன் நெஃப்ரோஸ்டோகிராம் (அந்தக் குழாய் வழியே கான்ட்ராஸ்ட் விட்டு எடுக்கும் படம்) எடுத்து கசிவு இல்லை, அடைப்பு இல்லை, கான்ட்ராஸ்ட் தடையில்லாமல் சிறுநீர்ப்பைக்கு இறங்குகிறது என்று பார்த்த பிறகே பாட்டிலைத் தொங்கவிடுங்க. லேசர் வைத்த புண் ஆறாமல் பிசிஜி ஏற்றினால் கிருமி நேராக ரத்தத்துக்குப் போகும்.